ஆற்றுவாய்ச் செய்திகளும் நான் நிரப்பாத கட்டமும்

ஓய்வுபெற்ற விரிவுரையாளரைத் தேடி ஆள் வருவதென்றால் ஒன்றில் சிபாரிசுக் கடிதம் வேண்டும், அல்லது சிறப்பு மலருக்குக் கட்டுரை வேண்டும். என்னிடம் படித்து, இப்போது எங்கள் ஊடகக் கற்கைகள் துறையிலேயே விரிவுரையாளராக இருக்கும் நிரோஷா சென்ற மாதம் வந்தபோது கையில் மடிக்கணினியும் இருந்தது. பழைய பத்திரிகைகளைக் கணினிக்குள் ஏற்றி, செய்திகளைத் தானே வாசித்து வகைபிரிக்கும் மென்பொருள் ஒன்றைத் துறையில் எடுத்திருக்கிறார்களாம்.

“மெடம், நீங்களும் பூபாலன் சேரும் அடிமட்டத்த வெச்சி வருஷக்கணக்கா அளந்தத இது ஒரு பின்னேரத்துல முடிச்சிட்டு,” என்றாள்.

பூபாலன் சேர் எங்கள் பழைய துறைத்தலைவர்; அளவுகோலான அந்த அடிமட்டம் அவருடையது. எனக்கு எரிச்சல் வந்தது. பொறாமை என்றே சொல்லிவிடுகிறேன்; இந்த வயதில் பொய் எதற்கு? திரையில் “ஆதாரமற்ற செய்திகள்” என்ற தலைப்பின் கீழ் நீளமான பட்டியல் ஓடியது. அதில் ஒன்றை நிரோஷா விரலால் தொட்டுக் காட்டினாள். பெரியகல்லாறு நிருபர் அனுப்பிய மூன்று வரிச் செய்தி. ஆய்வு ஒன்றுக்காக நிருபரை நேரில் காணாமலே கண்டதுபோல் எழுதியது தன் தவறு என்று பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் ஏற்றுக்கொண்டார் என்பது செய்தி. பெயர் இல்லை.

“இது நம்மட பூபாலன் சேர்தானாம் மெடம். நினைவுக் கூட்டத்துலயும் ஒராள் சொன்னாரே, ஆனைக்கும் அடிசறுக்கும், பூபாலன் சேருக்கும் ஒரு தரம் சறுக்கினதெண்டு. எல்லாரும் சிரிச்ச.”

அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் நானும் இருந்தேன். சிரிக்கவில்லை, ஆனால் எழும்பி நின்று இல்லை என்று சொல்லவும் இல்லை. சேர் காலமாகி நான்கு வருடமாகிறது. அவருக்கு இனி வாய் இல்லை. “துறை மலருக்குச் சேரப் பத்தி ஒரு கட்டுரை தாங்க மெடம்,” என்று நிரோஷா கேட்டதற்கு ஓம் என்றேன். அந்தக் கட்டுரை இதுதான். அவள் எதிர்பார்த்த கட்டுரையா என்பது வேறு விஷயம்.

நான் ஊடகம் படித்த கதை பெரிதில்லை. பள்ளிக்கூட வகுப்பில் சோக்குக்கட்டியோடு நின்றுகொண்டே வெளிவாரிப் பட்டம், பிறகு முதுமாணி. நாற்பத்தைந்து வயதில், தலையில் நரை விழுந்த பிறகு, பல்கலைக்கழகத்தில் பயிற்சி விரிவுரையாளராகச் சேர்ந்தேன். என்னோடு சேர்ந்தவர்கள் என் மகன் வயது. அவர்களுக்கு முன்னே ஓடிக் காட்டவேண்டும் என்ற அவதி எனக்கு. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள்; அவசரக்காரியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்போது பூபாலன் சேர்தான் துறைத்தலைவர். நெட்டை மனிதர், மாரியிலும் கோடையிலும் கறுப்புக் குடை. கோபம் வந்தால் குரல் இறங்கும். மிகவும் கோபம் வந்தால் தேத்தண்ணீர் ஊற்றித் தருவார். அவரிடம் மூன்றாவது கோப்பை குடித்தவன் அடுத்த நாள் லீவு போடுவான் என்று மாணவர்கள் சொல்வார்கள்.

அவர் வேலை செய்யும் முறை வேறு எங்கும் நான் காணாதது. ஒவ்வொரு செய்தி நறுக்குக்கும் ஒரு குறிப்புத் தாள். பக்கம், தலைப்பு, அடிமட்டத்தால் அளந்த நீளம், செய்தியில் பேசுபவர் யார், பெயர் உண்டா இல்லையா என்று கட்டம் கட்டமாகப் பென்சிலால் நிரப்பவேண்டும். இவ்வளவும் எல்லாரும் செய்வதுதான். அவருடைய தாளில் கடைசியாக இன்னொரு கட்டம் இருந்தது: “எழுதியவரைக் கண்ட இடம், நாள்.” செய்தியைத் தூக்கிக்கொண்டு எழுதியவரிடம் போகவேண்டும். முடிந்தால் செய்தியில் வரும் ஆளிடமும் போகவேண்டும். போய், முழுவதையும் வாய்விட்டு வாசித்துக் காட்டி, “இதில் விடுபட்டது என்ன?” என்று கேட்கவேண்டும். அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் தாள் முடியவில்லை என்பது கணக்கு.

முதலில் எனக்கு இது வீண்சோலியாகத்தான் பட்டது. சுனாமிக்கு அடுத்த வருடம் என்னை வாகரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கையில் ஒரு பத்திரிகைப் படம்: அடுப்படியில் ஒரு பெண், கன்னமெல்லாம் கண்ணீர், கீழே “அனைத்தையும் இழந்து கதறும் தாய்”. அந்தத் தாயைக் கண்டுபிடித்து வாசித்துக் காட்டினோம். அவர் படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

“அழுததா? ஆர் அழுத? பச்ச விறகுகா. புகை கண்ணுக்குள்ள போயிட்டு,” என்றார். பிறகு கோபமாக, “அண்டைக்கு முகாமில இருந்த அவ்வளவு பேருக்கும் நான்தான் சோறாக்கின. அத ஏன் எழுதல்ல?” என்று கேட்டார்.

சேர் தொப்பியைக் கழற்றுகிற மாதிரிக் குடையை மடக்கிவிட்டு, கடைசிக் கட்டத்தை நிரப்பினார்.  செய்தி என்ன செய்யும், என்ன செய்யாமல் விடும் என்று நான் புத்தகத்தில் படித்ததெல்லாம் அந்த அம்மாவின் ஒரு கேள்விக்குள் அடங்கிவிட்டது. அன்றிலிருந்து சேர் என்றால் எனக்கு உயிர். அப்படியிருந்தும்தான் அடுத்ததைச் செய்தேன்.

போர் முடிந்து மழைக்காலம் ஒன்று வந்து போயிருந்தது. எங்கள் துறையில் ஐந்து பேர் சேர்ந்து, ஆற்றுவாய் வெட்டும் பிரச்சினையைப் பத்திரிகைகள் எப்படி எழுதுகின்றன என்று ஆய்வு செய்தோம். வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன். மாரியில் வாவி நிரம்பும். கடலுக்குப் போகும் வாயை மணல்மேடு அடைத்திருக்கும். வெல்லாவெளிப் பக்கம் வட்டைகளில், அதாவது பரந்த வயல்வெளிகளில், தண்ணீர் ஏறிப் பயிர் மூழ்கும். விவசாயி “வாயை வெட்டு” என்பான். வெட்டினால் வாவியில் வளர்ந்த இறால் தண்ணீரோடு கடலுக்கு ஓடிவிடும். மீனவன் “பொறு” என்பான். இரண்டு பக்கத்துக்கும் வயிறுதான் பிரச்சினை. எந்த நாளில் வெட்டுவது என்று கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கூட்டம் நடக்கும். அங்கே இருக்கும் அதிகாரிகளின் மேசையில் பத்திரிகை கிடக்கும்.

பெரியகல்லாறு நிருபரின் செய்திகள் என் பங்குக்கு வந்தன. சதாசிவம் என்று பெயர். சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவர் என்பது மட்டும் தெரியும். அவர் செய்திகளில் பெயரே இராது. “மீனவர் ஒருவர் கூறினார்”, “விவசாயி ஒருவர் கூறினார்.” மற்ற நிருபர்களோ சங்கத் தலைவர்களைப் பெயர், பதவி, படத்தோடு பேசவைத்திருந்தார்கள். நான் அட்டவணை போட்டேன். பெயர் உள்ளவை நம்பகமானவை. சதாசிவத்துடையவை அத்தனையும் ஆதாரமற்றவை. அழகான அட்டவணை. பார்த்துப் பார்த்து மகிழ்ந்தேன்.

கடைசிக் கட்டம் மட்டும் மிச்சம். மாநாட்டுக்கு அனுப்பும் நாள் நெருங்கிவிட்டது, நிரந்தர நியமனத்துக்கு எனக்கு அந்த ஆய்வு வேண்டும். அவர் கடைக்கு இரண்டு தரம் தொலைபேசி எடுத்தேன், யாரும் தூக்கவில்லை. “எழுதியவரைக் கண்டது: பெரியகல்லாறு” என்று எழுதி, ஒரு சனிக்கிழமையின் திகதியையும் போட்டேன். அந்தச் சனிக்கிழமை நான் வீட்டில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வு துறையின் பெயரில் வாசிக்கப்பட்டது. கைதட்டினார்கள். அடுத்த மாரி தொடங்கும் நேரம் சேர் என்னை அறைக்கு அழைத்துத் தேத்தண்ணீர் ஊற்றினார். குடித்தேன். இரண்டாவது ஊற்றினார்.  மேசையில் சதாசிவம் எழுதிய தபாலட்டை ஒன்றை வைத்தார். அதில் இருந்தது இவ்வளவுதான்: உங்கள் ஆய்வைக் கண்டு பத்திரிகை ஆசிரியர் செய்தி சொன்னவர்களின் பெயர்களைக் கேட்டார், நான் கொடுக்கவில்லை, என்னை நிறுத்திவிட்டார். அதுபற்றி வருத்தமில்லை. ஆய்வின் பிரதி ஒன்று அனுப்பினால் என் பிழைகளைப் படித்துத் திருத்திக்கொள்வேன்.

திட்டி எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சேர் என் குறிப்புத் தாளைத் திருப்பி வைத்தார். “இவர் நம்மளக் காணவேயில்ல போல எழுதியிருக்காரே,” என்றார். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்ததுபோல் இருந்தது. மூன்றாவது கோப்பையை ஊற்றப் போனபோது நான் அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், மிளகாய் உட்பட.

“சரி. அழுது முடிச்சிட்டு வாங்க. பெரியகல்லாறு பஸ் பத்தரைக்கு,” என்று குடையை எடுத்தார்.

போகும் வழியில் அவர் சொன்ன நிலவரம் என்னை இன்னும் பயப்படுத்தியது. சதாசிவத்தின் எழுத்து நின்ற அந்த மாதத்தில் பத்திரிகையில் தலைவர்களின் சத்தம் மட்டும்தான். “உயிர் போனாலும் வெட்டவிடோம்” என்று ஒரு நாள். “நாங்களே வெட்டுவோம்” என்று மறுநாள். மண்வெட்டிகளோடு ஒரு உழவு இயந்திரம் நிறைய ஆட்கள் ஆற்றுவாய்க்கு வர, மறுபக்கம் துடுப்புகளோடு ஆட்கள் நிற்க, பொலிஸ் நடுவில் நின்று அனுப்பியிருக்கிறது. அடுத்த கிழமை கச்சேரிக் கூட்டம். நடுவில் நிற்கும் பேச்சு ஒன்றும் எவர் காதிலும் விழவில்லை.

சைக்கிள் கடையில் சதாசிவம் அண்ணன் டியூப் ஒன்றைத் தண்ணீர்ப் பேசினுக்குள் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையை மண்ணெண்ணெயில் துடைத்து, உட்கார வாங்கு போட்டார். சேர் என்னைப் பார்த்து, “ஆய்வ முழுக்க வாசிங்க,” என்றார். வாசித்தேன். “ஆதாரமற்றவை” வரும் இடங்களையும் விடவில்லை.

அவர் கடைசிவரை கேட்டார். “ஆதாரமில்ல எண்டா, நான் கட்டி எழுதின எண்டு கருத்தா தங்கச்சி?”

“அப்படியில்ல அண்ணன். பேர் இல்லாதத அப்படி வகைப்படுத்துற…”

“பேர் இருக்கு. கொப்பியில இருக்கு. நான் ஒரு செய்திய எழுதினா முதல்ல நம்மட தோணித்துறையில வாசிச்சுக் காட்டுவன். மறுகா சைக்கிள எடுத்திட்டு வெல்லாவெளிக்குப் போய் வட்டையிலயும் வாசிப்பன். ரெண்டு பக்கமும் கேட்ட பொறவுதான் அனுப்புற. பேரப் போட்டா என்ன நடக்கும் தெரியுமா? ஒராளும் மனசில உள்ளதச் சொல்லமாட்டாங்க. சங்கம் சொல்லுறதத்தான் சொல்லுவாங்க.”

நான் தாளில் கட்டம் போட்டு அளந்ததை இந்த மனிதர் சைக்கிளில் மிதித்துச் சரிபார்த்திருக்கிறார்! எங்கள் சேர் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய முறையை, அவரைக் காணாமலே, பத்தாம் வகுப்போடு நின்ற ஒருவர் இங்கே வருடக்கணக்காகச் செய்துகொண்டிருக்கிறார்.

“பேர் எழுதின கொப்பிய நாங்க பார்க்கலாமா?” என்று சேர் கேட்டார்.

“மன்னிக்கணும் சேர். வாக்குக் குடுத்திட்டன்.”

சேரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. “காட்டியிருந்தா நான்தான் கவலப்பட்டிருப்பன்,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “அவர் காட்டத் தேவையில்ல. நறுக்குகள் உங்கட கையில இருக்கு. போய் வாசிங்க,” என்றார்.

தோணித்துறையில் பின்னேரம் ஆட்கள் கூடும் நேரம். சதாசிவம் அண்ணன் எங்களோடு வரவில்லை. தான் நின்றால் ஆட்கள் முகத்துக்காகப் பேசுவார்கள் என்றார். நான் யார், என்ன பிழை செய்தேன், அதனால் யாருடைய எழுத்து நின்றது என்று முதலில் சொன்னேன். பிறகு முதல் நறுக்கை வாசித்தேன்: “‘வாயை வெட்டினால் எங்கள் இறால் போகும்தான். ஆனால் வட்டையில் பயிர் அழுகினால் அந்த இறாலை வாங்கிச் சமைக்க ஆள் இராது’ என்று மீன் விற்கும் பெண் ஒருவர் கூறினார்.”

மீனவர் சங்கத் தலைவர் அங்கே நின்றார். பெரிய மீசை, பத்திரிகையில் பெயரோடும் படத்தோடும் வருபவர் அவர்தான். “இங்க ஆர் அப்படிச் சொல்லுற? எல்லாம் சதாசிவம் கட்டின கதை,” என்றார்.

 வலையில் சிக்கிய பாசியை ஆய்வதிலேயே எல்லாருக்கும் கவனம்.  இத்தோடு அந்த மனிதரின் பெயர் ஊரிலும் போய்விடும், அதையும் நானே செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கூடையைத் தொப்பென்று இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது. பாக்கியம் அக்கா, இறால் விற்பவர்.

“என்னகா கட்டின கதை? அது நான் சொன்ன. என்ட மகளக் கட்டிக் குடுத்தது வெல்லாவெளியிலதானே? அவள்ட வயல் தாழுறதப் பார்த்திட்டு நான் இறால் வித்துச் சிரிக்கவா? அதுக்கு இப்ப என்ன செய்யப் போறாய்?”

யாரோ ஒருவர் சிரித்தார். நான் அடுத்ததை வாசித்தேன். “அது நான்,” என்று வலைக்குள்ளிருந்து ஒரு குரல். அடுத்தது. “அதுவும் இவடத்ததான். நம்மட தம்பி சொன்ன.” ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு தலை நிமிர்ந்தது. பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவர்களாகவே சொன்னார்கள். கடைசியாக ஒரு நறுக்கு மிஞ்சியது: “‘நாலு நாள் தந்தால் பிடிக்கிற இறாலைப் பிடித்துவிடுவோம், பிறகு வெட்டட்டும், நாங்களும் வந்து மண் அள்ளுவோம்’ என்று மூத்த மீனவர் ஒருவர் கூறினார்.”

 பாக்கியம் அக்கா மட்டும் தலைவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன பார்க்காய்?” என்றார் தலைவர். மீசையை ஒருதரம் தடவினார். “ஓம், அது நான்தான் சொன்ன. பேரோட சொன்னதும் நான்தான், பேரில்லாமச் சொன்னதும் நான்தான். சங்கத்து ஆளா நிண்டா ஒண்டு, சதாசிவத்தோட இருந்து கதைச்சா ஒண்டு. இதுல எது மெய்யெண்டு உங்களுக்குத் தெரியாதா?”

தோணித்துறையே கொல்லென்று சிரித்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்த மீசைக்காரரின் உறுமலைத்தான் நான் நம்பகமானது என்று அட்டவணையில் ஏற்றியிருந்தேன். அவர் மனதிலிருந்து சொன்னதை ஆதாரமற்றது என்று தள்ளியிருந்தேன். சேர் கரையில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

மறுநாள் வெல்லாவெளி. அங்கே வேலை சுலபமாக முடிந்தது. தோணித்துறையில் நடந்த கதை எங்களுக்கு முன்னரே போய்ச் சேர்ந்திருந்தது. “ஒரு கிழமைக்குள்ள எண்டா பயிர் தாங்கும், நான்தான் சொன்ன,” என்று வயது போன விவசாயி ஒருவர் வரம்பில் வந்து நின்று, தன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னார்.

சேர் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். ஆய்வின் அந்தப் பகுதியைத் துறை திரும்பப் பெறுகிறது, நிருபரைக் காணாமல் கண்டதாக எழுதியது எங்கள் தவறு என்று துறைத்தலைவர் என்ற முறையில் தானே கையெழுத்திட்டார். “சேர், நான்தான் எண்டு எழுதுங்க,” என்றேன். “துறை எண்டா அஞ்சு பேரும்தான்,” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை, எனக்குத் தேத்தண்ணீரும் ஊற்றவில்லை.

ஆசிரியர் சதாசிவம் அண்ணனைத் திரும்ப எழுதச் சொன்னார். அவர் செய்தி கச்சேரிக் கூட்டத்துக்கு முதல் நாள் வந்தது. வழக்கம்போல் பெயர்கள் இல்லை. நான்கு நாள் விட்டு ஐந்தாம் நாள் ஆற்றுவாய் வெட்டப்பட்டது. மீசைக்காரத் தலைவர் மண்வெட்டி பிடித்தார் என்று கேள்விப்பட்டேன்.

சில நாளில் சதாசிவம் அண்ணன் என்னைத் தேடிப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். மூன்று வரிச் செய்தி ஒன்றை எழுதி வந்திருந்தார். வாசல் படலையடியில் நின்றபடியே வாசித்துக் காட்டி, “பிழை இருக்கா தங்கச்சி?” என்று கேட்டார்.

“பேரப் போடுங்க அண்ணன்.”

“இப்ப வேணாம். உங்களுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகல்லயாம். கொப்பியில இருக்கு. எப்ப சொல்லணுமெண்டு உங்களுக்கு வருதோ, அப்ப நீங்களே சொல்லுங்க.”

நான் மறுத்துப் பேசவில்லை. உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியை நினைக்கும்போதெல்லாம் வெட்கமாகவும் இருந்தது. நிரந்தர நியமனம் வந்தது, பதவி உயர்வு வந்தது. கடிதத்தில் கையெழுத்து சேருடையது என்பதால் தவறும் அவருடையதென்று கதை பரவியது. சேர் காதிலும் விழுந்திருக்கும். அவர் மறுக்கவில்லை. நான் மாணவர்களுக்கு ஊடக நேர்மை கற்பித்துக்கொண்டிருந்தேன்.

நிரோஷாவுக்கு ஓம் என்ற மறுநாள் முதல் இதை எழுதினேன். எழுதி முடித்ததும் இரண்டு பஸ் ஏறிப் பெரியகல்லாறு போனேன். சைக்கிள் கடையை இப்போது மகன் நடத்துகிறார். சதாசிவம் அண்ணனுக்குக் கண் மங்கிவிட்டது. காது நன்றாக இருக்கிறது. கடை வாங்கில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டினேன். விடுபட்டது என்ன என்று கேட்டேன்.

“எல்லாம் சரி. ஒண்டு மட்டும். நான் படிச்சது எட்டாம் வகுப்பு. பத்து எண்டு கூட்டிப் போட்டிருக்கீங்க,” என்றார். பிறகு மகனைக் கூப்பிட்டு உள்ளேயிருந்து பழைய கொப்பியை எடுப்பித்து, பக்கத்தைத் தடவி, என்னிடம் நீட்டினார். அந்த மூன்று வரிச் செய்தியின் திகதிக்கு நேரே நீல மையில் என் பெயர் இருந்தது.

நிரோஷா, உன் மென்பொருளின் பட்டியலில் அந்தச் செய்திக்கு ஆதாரம் இல்லை என்று இருக்கிறது. திருத்திக்கொள். பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் என்பது பூபாலன் சேர் அல்ல. அது நான்தான், யோகமலர் தம்பிராசா. எழுதியவரைக் கண்ட இடம்: பெரியகல்லாறு, சைக்கிள் கடை. நாள்: நேற்று.